அந்தாண்டன்னா எந்தாண்ட?

போன வாரம் எங்கள் ஸ்டேஷன் கட்டடம் முகத்தைத் திருப்பிக்கொண்டது. யார் மேல் கோபமோ தெரியாது. ஜி.எஸ்.டி. ரோட்டைப் பார்த்துக்கொண்டு பத்து வருஷமாகப் பளபளவென்று நின்ற கண்ணாடி முகப்பைக் கழற்றி இறக்கி, மரச்சட்டங்களில் சாய்த்து வைத்திருக்கிறார்கள். பின்பக்கத்தில் ஜெனரேட்டர் நின்றிருந்த சுவரை உடைத்துப் பெரிய வாசல் வைக்கிறார்கள். தகர வேலி மேல் ஒரு பேனர்: ‘உங்களை நோக்கித் திரும்புகிறோம். சிரமத்துக்கு வருந்துகிறோம்.’ அந்த இரண்டாவது வரியை மட்டும் பத்து வருஷம் முன்பே கட்டியிருக்கலாம்.

ஸ்டேஷன் பேரைச் சொல்லமாட்டேன். செங்கல்பட்டில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினால் தாம்பரத்துக்கு முன்னால் வரும், அது போதும். பேரைச் சொன்னால் கட்டடம் தெரியும், கட்டடம் தெரிந்தால் கம்பெனி தெரியும், கம்பெனி தெரிந்தால் இதைத் தப்பான பக்கம் பார்த்துக் கட்டவைத்த ஆசாமி யார் என்று தேடுவார்கள். தேடி அலைய வேண்டாம். நான்தான்.

பிளாட்பாரத்தில் வண்டிக்காக நின்றபோது டைல்ஸ் அறுக்கும் மெஷின் கிளப்பிய தூசி நேராக மூக்கில் ஏறியது. சுட்ட மண்ணும் தண்ணீரும் கலந்த அந்த வாடை வந்தால், கூடவே சோம்பும் பட்டையும் தட்டிப் போட்ட வடகறி வாசனையும் எனக்கு வந்துவிடும். என் மூக்கின் கோளாறு அது. இரண்டும் ஒரே இடத்தில், ஒரே வருஷத்தில் எனக்குப் பழக்கமானவை. வெளியூர் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை: வடகறியில் கறி கிடையாது. கடலைப்பருப்பை அரைத்துச் சுட்டு, உதிர்த்து, மசாலாவில் கொதிக்கவிடுவது. இட்லிக்கு அதை ஊற்றிச் சாப்பிடாதவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை, பரிதாபம்தான்.

நான் டிப்ளமா சிவில் முடித்துவிட்டுத் திருப்போரூரில் வீட்டோடு இருந்த காலம். எங்கள் பக்கத்தில் அப்போது நிலத்துக்கு இருந்த மரியாதை, நிலத்தில் கட்டடம் கட்டப் படித்தவனுக்கு இல்லை. வயலெல்லாம் மனையாகிக்கொண்டிருந்தது, மனையில் யாரும் எதுவும் கட்டவில்லை, கல் நட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் சென்னைக் கம்பெனி ஒன்று என்னை ஒப்பந்தத்தில் எடுத்துக்கொண்டது. பதவியின் பேர் ‘சர்வே அசோசியேட்’. அப்பா அதைச் சுருக்கி ஊர் முழுக்க ‘சர்வேயர்’ என்று சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் பட்டா நகலோடு ஆட்கள் வாசலில் நின்றார்கள். “பக்கத்து மனைக்காரன் ரெண்டு அடி உள்ள வந்துகிறான், சங்கிலி எட்த்துகினு வா நைனா” என்று கூப்பிட்டார்கள். என்னிடம் சங்கிலி கிடையாது. ஒரு அட்டை, அதில் ஒரு கிளிப், ஒரு நீலப் பேனா, அவ்வளவுதான் கம்பெனி கொடுத்த ஆயுதங்கள்.

என் வேலை, ஸ்டேஷன் பக்கத்தில் வரப்போகும் கடைகளும் ஆபீசுகளும் கொண்ட கட்டடத்துக்காக ‘ஃபுட்ஃபால்’ எடுப்பது. முதல் நாள் மேனேஜர் இந்த வார்த்தையைச் சொன்னபோது, கம்பெனிக்கு விளையாட்டு டீம் இருக்கிறது போல என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் தெரிந்தது, எத்தனை பேர் நடக்கிறார்கள், எங்கிருந்து எங்கே நடக்கிறார்கள் என்று எண்ணுவதாம். எந்தப் பக்கத்திலிருந்து ஜனம் அதிகம் வருகிறதோ அந்தப் பக்கம் பார்த்து முகப்பு வைப்பார்களாம். யோசித்துப் பார்த்தால் நியாயமான ஏற்பாடு. என்னை அனுப்பாமல் இருந்திருந்தால் நன்றாகவே நடந்திருக்கும்.

ஸ்டேஷன் அப்போது எப்படி இருந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் குழம்பும். ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. ரோடு. பஸ் ஸ்டாப்பும் டிக்கெட் கவுன்ட்டரும் அங்கேதான். தண்டவாளத்துக்கு மறுபக்கம் ஏரி, ஏரிக்கரையைத் தாண்டினால் ஒரு நகர், அந்த நகரின் எக்ஸ்டென்ஷன், எக்ஸ்டென்ஷனுக்கும் ஒரு எக்ஸ்டென்ஷன். அங்கே குடிவந்தவர்கள் எல்லாரும் தாம்பரத்துக்கும் கிண்டிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். டிக்கெட் வாங்க வேண்டுமே, அதனால் அவர்களும் வேலியில் இருந்த ஒரு சந்தில் நுழைந்து, தண்டவாளத்தைத் தாண்டி ரோட்டுப் பக்கம் வந்துதான் ஆக வேண்டும். ஆக இரண்டு பக்கத்து ஜனமும் கவுன்ட்டர் முன்னால் ஒன்றாகக் கலக்கும். கலக்கிற அந்த இடத்தில்தான் கன்னியக்காவின் கடை.

கடை என்றால் நாலு சவுக்குக் கழி, மேலே நீலத் தார்ப்பாய். கன்னியம்மா என்பது முழுப்பேர். அந்தப் பேரை ரேஷன் கார்டு மட்டும்தான் கூப்பிட்டது. நாற்பது வயசு இருக்கும். வீட்டுக்காரர் இல்லை, ஒரு மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் சொந்த ஊர் செய்யூர்ப் பக்கம். காலையில் இட்லியும் வடகறியும் மட்டும். ஆட்களை அவர் பேர் வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை, வண்டி வைத்து வைத்துக்கொண்டார். “எட்டு பத்துக்கு ஆறு பார்சல், எட்டு முப்பதுக்கு பத்து, அந்த கண்ணாடி போட்டவரு இன்னிக்கி லீவு” என்று முணுமுணுத்தபடி வாழையிலைக் கிழிசலும் பேப்பருமாகக் கட்டி வண்டிவாரியாக அடுக்கிவிடுவார். ஜனம் ஓடிவந்து கைநீட்டும், பார்சல் கையில் இருக்கும், வண்டி கிளம்பும்.

நான் தினமும் காலை அந்தத் தார்ப்பாய் ஓரம்தான் நின்றேன். எல்லாரும் வந்து போகிற இடம் என்று மேனேஜரிடம் காரணம் சொன்னேன். உண்மையான காரணம் வடகறி. என் கையிலிருந்த அட்டையைப் பார்த்து முதல் நாளே அக்கா கேட்டார்.

“இன்னா தம்பி, ரேஷன் கார்டு கணக்கா, வோட்டர் லிஸ்ட்டா?”

“ஃபுட்ஃபால் அக்கா.”

“காலங்காத்தால ஃபுட்பாலு கணக்கா? பேஜாரு புட்ச்ச வேலதான். நாஸ்தா துன்ட்டு எய்து.”

அன்றிலிருந்து என் பேர் ‘கணக்கு’ ஆகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் கணக்கில் இரண்டு தடவை ஃபெயில் ஆனவனுக்கு இப்படி ஒரு பட்டம் வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கம்பெனி கொடுத்த ஃபாரம் இங்கிலீஷில் இருந்தது. அதில் ஒரு கேள்வி, ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வருகிறீர்கள் என்பது. எதிரே இரண்டு கட்டம், ஏ, பி. எந்தப் பக்கம் ஏ, எந்தப் பக்கம் பி என்று காட்டும் வரைபடம் ஹெட் ஆபீசில் இருந்தது. எனக்கு யாரும் அனுப்பவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பாட்டுக்கு ஜனத்திடம் “எந்தப் பக்கத்துலேர்ந்து வரீங்க?” என்று கேட்டேன். வண்டிக்கு ஓடுகிறவன் என்ன சொல்வான்? தலையைப் பின்னால் சாய்த்து “அந்தாண்ட” என்பான். பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவன் “இந்தாண்டதான்” என்பான்.

இதில்தான் இருக்கிறது விஷயம். மதுரைக்காரனோ கோயமுத்தூர்க்காரனோ அந்த அட்டையோடு நின்றிருந்தால், “அந்தாண்டன்னா எந்தாண்ட?” என்று ஒரு கேள்வி கேட்டிருப்பான். நான் இந்த மண்ணில் பிறந்தவன். அந்தாண்ட என்றால் அந்தாண்ட, இந்தாண்ட என்றால் இந்தாண்ட. அதில் விளங்காமல் போக என்ன இருக்கிறது? ஏ, பி கட்டங்களைக் காலியாக விட்டுவிட்டு, ஓரத்தில் ‘அ’, ‘இ’ என்று அழகாக எழுதிக்கொண்டு போனேன். தாள் தாளாக ‘அ’. நடுநடுவே எப்போதாவது ஒரு ‘இ’.

என் கணக்குக்குப் பக்கத்திலேயே இன்னொரு கணக்கும் நடந்துகொண்டிருந்தது, அதை நான் கணக்காகவே எடுத்துக்கொள்ளவில்லை. கடை ஓரத்தில் அக்கா ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டில் தண்ணீரும் மக்கும் வைத்திருப்பார். ஏரிக்கரை வழியாக வருகிறவர்களின் காலெல்லாம் சேறு. ஆபீசுக்குச் சேற்றோடு போக முடியுமா? பக்கெட்டில் மொண்டு காலைக் கழுவிக்கொண்டு, பார்சலை வாங்கிக்கொண்டு ஓடுவார்கள். மழைக்காலத்தில் ஒரு காலைக்கு எட்டு பக்கெட் வரை போகும். ரோட்டுப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு மக்குகூடத் தேவைப்படாது. ஸ்டேஷனுக்கு யார் எங்கிருந்து வருகிறார்கள் என்பதை அந்த பக்கெட்டே சொல்லிக்கொண்டிருந்தது. நான் அதைத் தாண்டி நின்று ‘அ’ எழுதிக்கொண்டிருந்தேன்.

தாள்களை ஹெட் ஆபீசுக்கு அனுப்பிய மறுநாள் ஷீலா போன் செய்தாள். கம்ப்யூட்டரில் ஏற்றுகிற பெண். கான்வென்ட்டில் படித்தவள், தமிழ் எழுத்தை ஓவியம் மாதிரி பார்ப்பவள். நான் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன், எக்ஸ்பிரஸ் ஒன்று நிற்காமல் தடதடவென்று போய்க்கொண்டிருந்தது.

“அந்த ஃபர்ஸ்ட் லெட்டர், சுழிச்சு எழுதியிருக்கீங்களே, அது ஏ தானே?”

“ஆமாங்க, அ தான்.”

“அப்போ இன்னொண்ணு பி?”

“என்னங்க?”

“இன்னொண்ணு பி-யா?”

“ஆமா ஆமா!”

அவள் கேட்டது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது, மீதிக்கும் சேர்த்து ஆமா போட்டுவிட்டேன். ஹெட் ஆபீஸ் வரைபடத்தில் ஏ என்பது ரோட்டுப் பக்கம், பி என்பது ஏரிப் பக்கம். தண்டவாளத்துக்கு அந்தாண்டயிலிருந்து சேற்றுக்காலோடு வந்த அத்தனை பேரும் ஒரே நாளில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஷூ போட்டுக்கொண்டு வந்தவர்களாக மாறிவிட்டார்கள்.

இது தெரியாமல் நடந்தது. இதுவரைக்கும் நடந்ததை நினைத்து நான் சிரித்துக்கொள்ள முடியும், பல பேரிடம் சொல்லிச் சிரிக்கவைத்தும் இருக்கிறேன். இனிமேல் சொல்லப்போவதை யாரிடமும் சொன்னதில்லை.

சைட்டில் ஒரு கன்டெய்னரை ஆபீசாக்கி ஏ.சி. போட்டிருந்தார்கள். பெரிய ஆட்கள் நாலைந்து பேர் வந்திருந்த ஒரு காலையில் மேனேஜர் சுவரில் படம் காட்டினார். கட்டடத்துக்கு இங்கிலீஷில் ஏதோ ‘ஸ்கொயர்’ என்று பேர். கட்டடம் சதுரமில்லை, அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கட்டடத்தை நோக்கித் தடியாக ஒரு சிவப்பு அம்பு. ஏரிப் பக்கத்திலிருந்து நூல் மாதிரி இன்னொன்று. அதனால் முகப்பு, நீரூற்று, நல்ல கடைகள் எல்லாம் ரோட்டைப் பார்த்து. பின்பக்கத்தில் ஜெனரேட்டர், கழிவறை, இரண்டே இரண்டு சின்னக் கடைகள். ஏரிப் பக்கத்து ஜனத்துக்கென்று ஒரு நடைமேம்பாலம் வந்து அந்தப் பின்பக்கத்தில் இறங்கும், டிக்கெட் மெஷினும் மேம்பாலத்திலேயே. மேனேஜர் லேசர் வெளிச்சத்தைச் சிவப்பு அம்பின் மேல் ஓடவிட்டார்.

அம்பு தலைகீழ் என்று பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. ஷீலாவின் போனும் அப்போதுதான் முழுசாகக் காதில் விழுந்தது. நான் கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கினேன் என்றுகூடச் சொல்லலாம். பாதி வரை வந்தது. அதற்குள் மேனேஜர் என் தோளைத் தட்டி, “இவன்தான் சார் நம்ம கிரவுண்ட் ரியாலிட்டி. ஒரு மாசம் அங்கேயே நின்னு எடுத்தான். அடுத்த மாசத்துலேர்ந்து பர்மனென்ட் பண்றோம்” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். தூக்கிய கையால் நான் எல்லாருக்கும் வணக்கம் வைத்தேன். என் வாயில் இட்லி இருந்தது. அந்தக் கூட்டத்துக்கு டிபன் கன்னியக்காதான் கொடுத்திருந்தார்.

பர்மனென்ட் என்று அப்பா ஊரில் ஏற்கெனவே சொல்லிவிட்டிருந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். காரணம் என்று சொல்லவில்லை. தகவலுக்காகத்தான்.

கட்டட வேலைக்காகக் காலி செய்யவேண்டிய கடைக்காரர்களுக்குக் கட்டடத்தில் ஆளுக்கு ஒரு கடை தருவதாக ஏற்பாடு. முன்பக்கமா பின்பக்கமா என்று அவர்களே தேர்ந்தெடுக்கலாம், ஆனால் ஒரு தடவைதான். கையெழுத்துப் போட்டால் மாற்ற முடியாது. கூட்டம் நடந்த மறுநாள் காலை, எட்டு பத்து வண்டி போன பிறகு, அக்கா கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றார். கையில் கம்பெனிக் கடிதம்.

“கணக்கு, சாங்காலம் வந்து கையெழுத்து போடணுமாம். நீயே சொல்லு. முன்னாடி எட்த்துக்கட்டா, பின்னாடியா?”

“நீங்க என்னக்கா நினைக்கிறீங்க?”

“நான் இன்னாத்த நெனைக்கறது? பின்னாடி ஜெனரேட்டரு கீதாமே. ஆனா நம்ம ஜனம் அந்தாண்டேர்ந்துதான வருது. அதான் கொயப்பமா கீது. நீதான் ஒரு மாசமா நின்னுகினு எய்தன, ஒனக்குத் தெரியாததா?”

ஒரு வாக்கியம் போதும். பின்னாடியே எடுங்க அக்கா, கணக்கு தப்பு. சொன்னால் அவர் நாலு பேரிடம் சொல்வார், நாலு பேர் மேனேஜரிடம் போவார்கள். என் காதில் முந்தின நாள் கைதட்டல் கேட்டது.

“முன்னாடியே எடுங்க அக்கா” என்றேன்.

அவர் ஒரு விநாடி பக்கெட்டைப் பார்த்தார். பிறகு தலையாட்டிவிட்டு இட்லி ஊற்றப் போய்விட்டார். அன்று சாயங்காலம் கையெழுத்தும் ஆகிவிட்டது.

கட்டடம் எழும்பி, திறப்புவிழா நடந்து, நீரூற்று பீறிட்டது. ஊர்க்காரர்கள் அந்த இங்கிலீஷ் பேரை ஒரு நாளும் சொல்லவில்லை, கண்ணாடி பில்டிங் என்றார்கள். கல்யாண ஜோடிகள் முகப்பில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஏரிப் பக்கத்து ஜனம் மேம்பாலத்தில் ஏறி, மெஷினில் டிக்கெட் எடுத்து, பின்பக்கம் இறங்கி, ஜெனரேட்டரை ஒட்டி நடந்து நேராக வண்டி ஏறியது. முன்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர்களில் பலர் பார்த்திருக்கமாட்டார்கள்.

அக்காவின் கடைக்குக் கண்ணாடிக் கதவு, மின்விசிறி, இங்கிலீஷ் போர்டு எல்லாம் இருந்தன. அடுப்பு எரிக்கக் கூடாது என்பது கட்டட விதி. மின்சார அடுப்பில் வடகறி கூடிவரவில்லை என்று சொல்வாராம். முதல் நாள் வாசலில் பக்கெட்டும் மக்கும் வைத்தார். செக்யூரிட்டி வந்து, முகப்பு அழகு கெடுகிறது என்று எடுத்து உள்ளே வைத்துவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் அக்காவுக்கு முதுகுப்பக்கம் கேட்டது. பழக்கதோஷத்தில் எட்டு பத்துக்கு ஆறு பார்சல் கட்டி அடுக்குவார். எட்டு பத்து போய்விடும். வாசலில் கார்கள் போய்க்கொண்டிருக்கும். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பார்சல்களை செக்யூரிட்டிகளுக்குக் கொடுத்துவிடுவார்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பாதி தூரத்தில் மறைந்து நின்று பார்த்தது, மீதி செக்யூரிட்டிகள் சொன்னது. எனக்கு ஹெட் ஆபீசுக்கு மாற்றல் ஆகியிருந்தது. வேலையாக அந்தக் கட்டடத்துக்கு வரும்போதெல்லாம் அக்கா கண்ணில் படாமலிருக்க மேம்பாலத்தில் ஏறி ஜெனரேட்டர் பக்கமாகவே போய் வந்தேன். பின்பக்க ஃபுட்ஃபாலில் என்னையும் ஒரு ஆள் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு மழைக்காலம் முழுக்க அக்கா தாக்குப்பிடித்தார். தை மாதத்தில் நான் வந்தபோது கண்ணாடிக் கதவில் பழைய பேப்பர் ஒட்டியிருந்தது. மகளைப் பி.காம். சேர்க்கப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், அது நடக்கவில்லை என்றும், முட்டுக்காட்டில் ஒரு படகுக்காரப் பையனுக்குக் கட்டிக்கொடுத்துவிட்டு அங்கேயே போய்விட்டார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன். பின்பக்கத்துச் சின்னக் கடை இரண்டில் ஒன்றில் யாரோ வெளியூர்க்காரர் இட்லிக் கடை போட்டார். தினமும் வரிசை நின்றது.

அதனால்தான் போன வாரம் டைல்ஸ் தூசி மூக்கில் ஏறியதும் ஆபீசுக்குப் போகும் வண்டியை விட்டுவிட்டு எதிர் பிளாட்பாரத்துக்குப் போனேன். செங்கல்பட்டு, அங்கிருந்து பஸ்ஸில் திருப்போரூர், சொந்த வீட்டுப் பக்கம் எட்டிப்பார்க்காமல் கேளம்பாக்கம், கோவளம், முட்டுக்காடு. நாலு பஸ்ஸிலும் ஒரே வசனத்தைத்தான் ஒத்திகை பார்த்தேன். பத்து வருஷம் கழித்துக் கட்டடமே ஒப்புக்கொண்டுவிட்டது, எனக்கென்ன என்று தைரியம் சொல்லிக்கொண்டேன்.

படகுத்துறைக்குப் பின்னால் விசாரித்ததும் வீட்டைக் காட்டிவிட்டார்கள். அக்கா வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. படகுத்துறையில் வேலை செய்கிறவர்களுக்குக் காலையில் இட்லி கொடுக்கிறாராம். என்னைப் பார்த்ததும் யார் என்று யோசிக்கவே இல்லை.

“இன்னா கணக்கு, எள்ச்சிட்ட? குந்து, குந்து. மெய்யாலுமே நீதானா?”

நான் துளியும் இளைத்தவனில்லை, தொப்பை போட்டவன். அவருக்கு அப்படித்தான் தெரிந்தது. காப்பி வந்தது. கட்டடத்தைத் திருப்புகிற சேதியைச் சொன்னேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். கொஞ்சம் வெங்காயத்தாலும் இருக்கலாம்.

“கட்டடத்துக்கே புத்தி வந்துட்ச்சா! எனக்கு அப்பவே தெரியும் கணக்கு. தெனம் பக்கெட்டுக்கு தண்ணி புட்ச்சி வெச்சவ நானு, எந்தாண்டேர்ந்து ஜனம் வருதுன்னு எனக்குத் தெரியாதா? ஆனா நீ பேப்பர்ல எய்தி வெச்சிகிற. பட்ச்ச புள்ள எண்ணி எய்துனது, நம்ம கண்ணுதான் தப்பா பாக்குதோன்னு நெனச்சிகினேன்.”

நான் ‘அ’ கதையை ஆரம்பித்தேன். அந்தாண்ட, இந்தாண்ட, ஷீலா, எக்ஸ்பிரஸ், ஏ, பி, சிவப்பு அம்பு. அக்கா பாதியிலேயே பிடித்துக்கொண்டார். மகளைக் கூப்பிட்டு அவளுக்கும் சொல்லவைத்தார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன், என்ன செய்வது, நான் அதை நன்றாகச் சொல்வேன். மகள் குழந்தை அழுகிறது என்று உள்ளே போனாள். அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

“அது தப்புன்னு ஒனக்கு எப்போ தெர்ஞ்சிது?”

மிச்சக் காப்பியை ஒரே மடக்கில் குடித்தேன்.

“நான் கையெழுத்து போட்டதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

வசனம் தொண்டையில் தயாராக இருந்தது. ‘முன்னாடி’, நாலே எழுத்து. அதற்காகத்தான் நாலு பஸ் ஏறி வந்திருந்தேன்.

“பின்னாடிதான் அக்கா.”

“அதான பார்த்தேன்” என்று அவர் மறுபடி கத்தியை எடுத்தார். “முன்னாடியே தெர்ஞ்சிருந்தா நீ சொல்லாமயா இருப்ப? இவ கேட்டுகினே இருப்பா, அந்த ஆளு தெர்ஞ்சே ஏமாத்திட்டாரான்னு. போடி, அது நம்ம புள்ளன்னு சொல்வேன்.”

கிளம்பும்போது நாலு இட்லியும் வடகறியும் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் சூடு மடியில் உறைத்துக்கொண்டே வந்தது, கோவளம் தாண்டியும் பிரிக்க மனம் வரவில்லை. அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. பக்கத்து சீட்டுக்காரர் வடகறிக் காரம் என்று நினைத்திருப்பார்.

ஸ்டேஷனில் இப்போது அந்த நீலத் தார்ப்பாய் இல்லை. வேலியில் இருந்த சந்தை எப்போதோ அடைத்துவிட்டார்கள். ஏரிக்கரையில் தார் ரோடு வந்துவிட்டது, யார் காலிலும் சேறு கிடையாது. அந்தாண்ட என்று யாரும் சொல்வதில்லை, கேட் ஒன்று, கேட் இரண்டு என்கிறார்கள். இவற்றோடு சேர்ந்து கன்னியக்கா என் மேல் வைத்திருந்த நம்பிக்கையும் போயிருக்கும், திட்டித் தீர்த்திருப்பார், அந்த மட்டில் என் பாக்கி தீர்ந்தது என்று பத்து வருஷமாக நினைத்து ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தேன். அது மட்டும் போகவில்லை.